வீட்டுக்கு கைக்காசு புரட்டுன கதை

வீடு வாங்கப் போறோம்னு சொன்னா எல்லாரும் மொத கேக்குறது இஎம்ஐ எவ்ளோ வரும்னுதான். இஎம்ஐ மாசாமாசம் சம்பளத்துல போயிடும், அதுக்கு ஒரு வழி பண்ணிடலாம். முழி பிதுங்குறது அதுக்கு முன்னாடி மொத்தமா எடுத்து வைக்க வேண்டிய கைக்காசுலதான். தாம்பரம் பக்கம் நாங்க ஒரு பழைய ஃபிளாட் வாங்கினப்போ அந்தக் காசை எப்படிப் புரட்டினோம்னு எழுதி வைக்கிறேன், இப்போ வீடு பாத்துட்டு இருக்குறவங்களுக்கு உதவும்.

பேங்க் 80 பர்சென்ட் தரும், நாம 20 போட்டா போதும்னு ஒரு கணக்கு ஊர் பூரா ஓடுது. ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சம் வரைக்கும் லோன்னா 90 பர்சென்ட் வரைக்கும் தரலாம், 30லேர்ந்து 75 லட்சம்னா 80, அதுக்கு மேல 75தான். சம்பளம் எவ்ளோ இருந்தாலும், பொண்டாட்டி பேரையும் சேத்துக்கிட்டாலும் இந்த உச்சவரம்பு ஏறாது. இதுல ரெண்டு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. பேங்க் வேல்யூவர் வந்து பாத்து போடுற மதிப்பு, அக்ரிமெண்ட் விலை, ரெண்டுல எது கம்மியோ அதுலதான் பேங்க் 80 பாக்கும். அப்புறம் ரிஜிஸ்ட்ரேஷன் செலவு பொதுவா அந்தக் கணக்குலயே வராது, அது முழுக்க நம்ம பாக்கெட்.

எங்க வீடு பேசி முடிச்சது 48 லட்சம். பழைய பில்டிங்ங்கிறதால வேல்யூவர் 45தான் போட்டார். அதுல 80னா லோன் 36, ஆக வீட்டுக்கே 12 லட்சம் கையிலேர்ந்து. பத்திரத்துக்கு 7 பர்சென்ட் முத்திரைத்தாள், 2 பர்சென்ட் பதிவுக் கட்டணம், அது 4 லட்சத்து 32 ஆயிரம். புரோக்கர் கமிஷன், வக்கீல் பத்திரம் பாக்குறது, பேங்க் பிராசஸிங், எம்ஓடி (லோனுக்காக பத்திரத்தை பேங்க்ல வச்சதுக்கான ஆவணம்) பதியுறது எல்லாம் சேந்து இன்னொரு லட்சம். 20 பர்சென்ட்னு பாத்தா 9 லட்சத்து 60 ஆயிரம், நெஜமா தேவைப்பட்டது 17 லட்சத்துக்கு மேல. புது அபார்ட்மெண்ட்னா 2023 டிசம்பர்லேர்ந்து 50 லட்சம் வரைக்கும் 4ம் 2ம் சேத்து 6 பர்சென்ட்தான், ஆனா கட்டிட்டு இருக்குற பில்டிங்னா ஜிஎஸ்டி தனியா வரும், அதையும் பாத்துக்கோங்க.

நடுவுல வீட்டை விக்கிற வீட்டுக்காரர் ஒண்ணு கேட்டார், பத்திரத்துல கைட்லைன் வேல்யூ (அரசாங்கம் அந்த ஏரியாவுக்கு வச்ச மதிப்பு) மட்டும் போட்டுட்டு மீதிய ரொக்கமா குடுங்க, உங்களுக்கும் முத்திரைத்தாள் மிச்சம்னு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா பத்திர விலை கொறைஞ்சா லோனும் கொறையும், அந்த ரொக்கம் பூரா நம்ம கைக்காசு, அதோட வீட்டு விவகாரத்துல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கம் கைமாறுறதே சட்டப்படி தப்பு. முடியாதுன்னு சொல்லிட்டோம், இதுல யாரும் வளைஞ்சு குடுக்காதீங்க.

சரி, காசு எங்கேர்ந்து வந்துச்சு. எஃப்டில கொஞ்சம் இருந்துச்சு, அது மொதல்ல. அடுத்தது பிஎஃப். அதுல வட்டி 8.25 பர்சென்ட், வீட்டு லோன் வட்டியும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், அதனால எடுத்தா பெரிய நஷ்டம் இல்லைன்னு நினைச்சேன், இருந்தாலும் ஒரு பகுதி கண்டிப்பா விட்டு வைக்கணும், வயசான காலத்துக் காசு அது. ஆன்லைன்ல ஃபார்ம் 31 போடணும். முந்தின கம்பெனி கணக்கு டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கான்னு வீடு தேட ஆரம்பிக்கும்போதே பாத்துடுங்க, பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் கிளெய்ம் திரும்பி வந்துடும். 2025 அக்டோபர்ல இந்த விதிகளை எல்லாம் சுருக்கி, 12 மாச சர்வீஸ் போதும், 25 பர்சென்ட் கணக்குல இருக்கணும்னு முடிவெடுத்திருக்காங்க, அதனால பழைய ஆளுங்க சொல்ற கணக்கை வச்சு பிளான் பண்ண வேணாம்.

அப்புறம் சீட்டு. 5 லட்ச ரூபா ஏலச்சீட்டு, மாசம் 25,000, 20 மாசம். 75,000 தள்ளி எடுத்தோம், கைக்கு 4 லட்சத்து 25 ஆயிரம். பதிவு பண்ண கம்பெனி சீட்டுங்கிறதால ஏலம் எடுத்தவுடனே காசு வராது, சம்பள ஸ்லிப்போட ஜாமீன் கையெழுத்து போட ஆள் வேணும், அந்த ஜாமீன் பேப்பர் ஓகே ஆகவே வாரக்கணக்கு ஆச்சு. பத்திரப்பதிவு தேதிய வச்சு பின்னாடி எண்ணி ஏலம் கேக்கணும்.

நகைலதான் ரொம்ப யோசிச்சோம். மொத அடகு வைக்கலாம்னு ஆரத்தை எடுத்துட்டு பேங்க் போனோம். அப்ரைசர் அதை உரைகல்லுல தேச்சு, மேல ஆசிட் விட்டுப் பாத்து, தராசுல வச்சார். அப்புறம் சின்ன நோட்டுல கல்லுக்கு இவ்ளோ, அரக்குக்கு இவ்ளோன்னு கழிச்சுட்டே வந்தார். சிவப்புக் கல் வச்ச பதக்கம், நம்ம கண்ணுக்கு அதுதான் அழகு, அவர் நோட்டுல அந்தப் பக்கம்தான் எடை கொறைஞ்சுக்கிட்டே போச்சு. என் மனைவி அங்கயே சொல்லிட்டா, "இதை ஒரு வருஷத்துல மீக்க முடியுமாங்க? இஎம்ஐயும் கட்டணும், இங்க வட்டியும் கட்டணும். போடுறதே இல்லாத இந்த ஆரத்தை வித்துடலாம், வளையலும் செயினும் இருக்கட்டும்." அவ சொன்னது சரிதான். விக்கும்போது செய்கூலி சேதாரம் போயிடும், மனசு வலிக்கும், ஆனா வட்டி ஏறி ஏலத்துக்குப் போற நகையை விட இது எவ்வளவோ மேல். ஒரு வருஷத்துக்குள்ள மீக்க முடியும்னா மட்டும் அடகு வைங்க.

கடைசியா கொறைஞ்சதை அக்கா வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "மாப்ள, ரெண்டு லட்சம் தரேன், ஆனா பாப்பா காலேஜ் ஃபீஸ் கட்டுற நேரத்துல வந்துடணும்"னு மொதல்லயே சொல்லிட்டார். அப்படி சொல்ற ஆளுகிட்ட வாங்குறதுதான் நல்லது, "மெதுவா குடு"ன்னு சொல்ற இடத்துலதான் பின்னாடி மனஸ்தாபம் வருது. மாமா பேங்க்லயே போட்டு விட்டார், ரொக்கமா வாங்கல, ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு வச்சுக்கிட்டோம்.

பர்சனல் லோன் பக்கம் போகவே இல்ல. வட்டி அதிகம், அதோட அந்த இஎம்ஐய கழிச்சுட்டுதான் பேங்க் வீட்டு லோன் தகுதிய பாக்கும், ஒரு கையில வாங்கி இன்னொரு கையில விடுற மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, குடியிருக்குற வீட்டு அட்வான்ஸ். பத்து மாச வாடகை அங்க முடங்கிக் கிடக்கும், ஆனா காலி பண்ணாதான் வரும், பத்திரத்துக்கு முன்னாடி காலி பண்ண முடியாது. அதனால அதை கைக்காசு கணக்குலயே சேக்காம, வீடு மாறுற செலவு, பெயிண்ட், மொத ரெண்டு இஎம்ஐ இதுக்குன்னு ஒதுக்கிட்டோம். பத்திரம் முடிஞ்ச மாசம் வாடகையும் இஎம்ஐயும் ஒண்ணா வரும்ல, அப்போ அதுதான் கை குடுத்துச்சு.

டோக்கன் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி உங்க பேங்க்ல அந்த ஏரியா பில்டிங்குக்கு வேல்யூ எவ்ளோ போடுறாங்கன்னு வாய்மொழியாவாவது கேட்டுடுங்க. லோன் வரலைன்னாலோ பேசின அளவுக்கு கொறைஞ்சாலோ அட்வான்ஸ் திரும்பத் தரணும்னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி எழுதச் சொல்லுங்க. எங்க வக்கீல் அதை சேத்தார், வீட்டுக்காரர் கொஞ்சம் முறுக்கினாலும் கடைசில கையெழுத்து போட்டார்.