அழுத்திய கையை விட வேண்டும்

காஷுவால்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், நர்ஸாகச் சேர்ந்த முதல் வருடம். ஐம்பது வயது தாண்டிய ஒருவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். மூச்சு இல்லை, கழுத்தில் பல்ஸும் இல்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டர், "சிஸ்டர், அழுத்துறது சரி. கையை விடுங்க, நெஞ்சு முழுசா மேல வரட்டும்" என்றார். பதற்றத்தில் என் பாரம் முழுக்க நோயாளியின் நெஞ்சு மேலேயே சாய்ந்திருந்தது.

அழுத்தும்போது ரத்தம் மூளைக்குப் போகிறது. விடும்போதுதான் இதயம் மறுபடி நிரம்புகிறது, இதயத் தசைக்கான ரத்தமும் அப்போதுதான் ஓடுகிறது. சாய்ந்துகொண்டே அழுத்துவது காலிக் குடத்தைக் கவிழ்ப்பது மாதிரி. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பதெல்லாம் பரீட்சைக்கே மனப்பாடம் செய்ததுதான். கைக்கு அது வந்து சேர அன்றைய ராத்திரி தேவைப்பட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பதும் அப்படித்தான். "எனக்கு இன்னும் தெம்பு இருக்கு" என்போம், அதற்குள் ஆழம் குறைந்திருக்கும். அவர் பிழைக்கவில்லை.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு நின்றுதான் இதயம் நிற்கிறது. அதனால் இரண்டு பேர் இருந்தால் 15 அழுத்தத்துக்கே 2 மூச்சு கொடுக்கிறோம். ஆழம் நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு.

அப்புறம் லேபர் வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு விடியற்காலை, முழு மாதக் குழந்தை, அழவில்லை. துவண்டு கிடந்தது. துடைத்து முதுகைத் தேய்த்தும் அசைவில்லை. முகத்தில் மாஸ்க்கை வைத்து, காற்றைச் செலுத்தும் பையை (ஆம்பு பேக்) அமுக்கினேன். சீனியர் சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு, கேட்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விரலால், குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரின் மெத்தையில் தட்டிக்காட்டினார். நிமிடத்துக்கு 60-க்கும் கீழே. பையை வைத்துவிட்டு, காஷுவால்டி பழக்கத்தில் என் இரண்டு கட்டைவிரலும் நெஞ்சுக்குப் போய்விட்டன.

"இரும்மா. நெஞ்சு இன்னும் ஏறவே இல்லையே. முதல்ல மூச்சு."

பார்த்தால், கையில் கிடைத்தது என்று நான் மாட்டியிருந்த மாஸ்க் 0 சைஸ், குறைமாதக் குழந்தைக்கானது. ஓரமெல்லாம் காற்று ஒழுகியிருக்கிறது. அவர் 1 சைஸ் மாஸ்க்கை மாற்றி, தோளுக்கடியில் துணியை மடித்து வைத்துத் தலையைச் சரிசெய்தார். அடுத்த அமுக்கலில் அந்தச் சின்ன நெஞ்சு மேலே வந்தது. 30 விநாடி அப்படிச் சரியாக மூச்சுக் கொடுத்தும் துடிப்பு 60-க்குக் கீழேயே இருந்தால்தான் 3 அழுத்தம், 1 மூச்சு என்று போக வேண்டும். அதற்குத் தேவை வரவில்லை. சிஸ்டரின் விரல் வேகமாகத் தட்டத் தொடங்கியது, பிறகு எண்ண முடியாத வேகத்தில்.

இப்போது டியூட்டி ஏற்றதும் ஆம்பு பேக்கை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்து, 0, 1 இரண்டு மாஸ்க்கும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நோட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.