ஜன்னலுக்கு வெளியே மிளகாய்

மார்ச் 4

பிளாக் பேர்ல் என்கிற அலங்கார மிளகாயில் முதல் மொட்டு. கிளை இரண்டாகப் பிரியும் கவையில், கடுகு அளவில், ஊதா நிறத்தில். போனில் படமெடுத்துக் காட்டினேன். "கத்திரிப் பூவா?" என்றாள் அம்மா. இரண்டும் ஒரே குடும்பம்தானே, அவள் கேட்டதில் தப்பில்லை.

மார்ச் 5

அம்மாவின் வெள்ளை அணு கவுன்ட் ரிப்போர்ட் வரவில்லை. நாளைக்கு என்கிறார்கள்.

மார்ச் 6

1,100. கீமோ ஊசியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

அறைக்குள் மண் கூடாது, பூ கூடாது, தொட்டி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மண்ணில் இருக்கிற பூஞ்சை நம்மை ஒன்றும் செய்யாது. வெள்ளை அணு இறங்கிக் கிடக்கிற உடம்பில் நுரையீரல் வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருந்த சின்னத் தொட்டியை உடனே வெளியே எடுத்து வைத்தேன். ஸ்டூலை டெட்டால் போட்டுத் துடைத்தேன். மாடியிலிருந்து இறங்கி, குளித்து, துணி மாற்றின பிறகுதான் இனி அவள் பக்கத்தில் போவது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9

மாடி அறைக்கு அம்மாவை மாற்றியாகிவிட்டது. கீழே ஆள் வரப்போக இருக்கிறது, மேலே தொந்தரவில்லை. கட்டிலிலிருந்து பார்த்தால் பெரிய கண்ணாடி ஜன்னல், அதைத் தாண்டி மொட்டை மாடி. ஜன்னலைத் திறக்கவே போவதில்லை. அப்படியானால் அதற்கு வெளியே தொட்டி இருக்கலாம். டாக்டரிடம் கேட்டேன், சரி என்றார்.

காலையில் முழுக்க இடம் மாற்றுகிற வேலை. ஜன்னலுக்கு நேரே செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, படுத்திருப்பவளின் கண் மட்டத்துக்குத் தொட்டிகள் வருகிற மாதிரி செய்தேன். நடுவில் பிளாக் பேர்ல் இரண்டு. இடப்பக்கம் பொலிவியன் ரெயின்போ. வலப்பக்கம் பேர் தெரியாத அந்த மஞ்சள் குட்டை ரகம், பரமக்குடி சித்தி கொடுத்த விதை.

ஒரு சிக்கல். ஜன்னல் கிழக்குப் பார்த்தது. பதினொன்றரைக்கு மேல் அறையின் நிழலே பலகைமேல் விழுந்துவிடுகிறது. மற்ற மிளகாய்க்கு இது போதும், சமாளித்துக்கொள்ளும். பிளாக் பேர்லுக்குப் போதாது.

மார்ச் 14

பலகைமேல் இருக்கிற செடியில் புதுத் துளிர் பச்சையாக வருகிறது.

மார்ச் 15

ராத்திரி முழுக்க இதே நினைப்பு. பச்சைத் துளிர்.

அந்தக் கறுப்பு உண்மையில் கறுப்பில்லை. இலைக்குள் பச்சையம் இருக்கத்தான் செய்கிறது, அதன்மேல் ஆந்தோசயனின் என்கிற ஊதா நிறமி அடர்த்தியாகச் சேரும்போது நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. கத்திரிக்காய்த் தோலில் இருப்பதும் அந்த வகைதான். வெயில் நன்றாக விழுந்தால்தான் செடி அதைச் சேர்க்கும், நிழலில் வைத்தால் சேர்க்காது. பழைய இலை கறுப்பாகவே இருக்கும், புதுசு பச்சையாக வரும். ஸ்டொமெல், கிரீஸ்பாக் என்று அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் உருவாக்கிய ரகம் இது. 2006இல் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கியது. அந்தக் கறுப்புக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். பச்சையாகிவிட்டால் பிறகு எதற்கு இது?

அம்மாவுக்குத் தெரிகிற இடத்தில் வெயில் இல்லை. வெயில் இருக்கிற இடம் அம்மாவுக்குத் தெரியாது.

முடிவு செய்துவிட்டேன். காலையில் அவள் விழிக்கும் முன்னே ஜன்னலுக்கு. பதினொன்றரைக்கு மேற்கு மூலைக்கு. பத்து அங்குலத் தொட்டி, நனைந்தால் கனக்கும், பரவாயில்லை.

மார்ச் 20

வாய் முழுக்கப் புண். தயிர்சாதத்தை மசித்துக் கொடுத்தால்கூட எரிகிறது என்கிறாள். உப்பே எரிகிறது.

அத்தை வந்திருந்தார்கள். வாசலோடு நின்று பார்த்துவிட்டு, மாடியில் நான் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து, "திங்காத மிளகாய்க்கு எதுக்குத்தா இம்புட்டுப் பாடு, ரெண்டு தக்காளி வச்சாலும் ரசத்துக்கு ஆகும்" என்றார்கள். நான் பதில் பேசவில்லை, பேசியிருந்தால் அழுதிருப்பேன். தக்காளி ரசம் அவள் வாயில் படுமா அத்தை? இந்த வீட்டில் இப்போது அவளால் அனுபவிக்க முடிகிறதெல்லாம் கண் வழியாகப் போவதுதான். நாக்கு இல்லை, மூக்கு இல்லை, குழம்பு தாளித்தால் குமட்டுகிறது. காலையில் எழுந்ததும் நேற்று இல்லாத ஒன்று கண்ணில் பட வேண்டும். மொட்டு விரிந்திருக்க வேண்டும், காய் தலை நீட்டியிருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் ஊற்றினால் வீண் செலவா?

மார்ச் 21

பூ விரிந்துவிட்டது. அம்மா எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள்.

மார்ச் 27

ரெயின்போவின் கொழுந்து சுருள்கிறது. இலையின் இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடிந்து படகாகிவிட்டது. மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இதை வைத்துத்தான் மருந்து, இரண்டுக்கும் ஒரே மருந்து வேலைக்காகாது.

கையில் அகப்பட்டது பழைய லேப் ரிப்போர்ட். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதன்மேல் ஒரு பூவைப் பிடித்துத் தட்டினேன். முதலில் மகரந்தத் தூள் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்தால் தூளில் சிலது நகர்ந்தது. மயிரிழை அகலம், ஒரு மில்லிமீட்டர் நீளம், வெளிர் மஞ்சள். விரலை வைத்தால் விலகி ஓடுகிறது. நாலைந்து இருந்தன. கறுப்பாக எதுவும் இல்லை, அதுவரைக்கும் நல்லது. 2021இல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய்க் காடுகளை அழித்தது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த வேறொரு இலைப்பேன். அது பூவுக்குள்ளேயே கூட்டமாகக் குடியிருந்து பூவை உதிர்த்துவிடும். அதில் பெண் பூச்சி கறுப்பாக இருக்கும்.

ரிப்போர்ட்டைத் திருப்பினால் டிசம்பர் மாதத்து எண்கள். மடித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 28

ஒரு லிட்டர் தண்ணீருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி. உச்சி வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை கருகும். வாடை அம்மாவுக்கு ஆகாது, ஜன்னல் மூடியிருந்தும் கதவிடுக்கு வழியாக வந்துவிடும். அதனால் செடிகளைத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அடித்தேன். ராத்திரி அங்கேயே இருக்கட்டும். மேற்கு மூலையில் நீல ஒட்டும் அட்டை ஒன்று தொங்குகிறது. மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கு, இலைப்பேனுக்கு நீலம்தான் சரி.

காலையில் பலகை காலியாக இருந்தால் கேட்பாள்.

மார்ச் 29

கேட்டாள்.

ஏப்ரல் 3

3,400! ஊசி போட்டாச்சு.

ஏப்ரல் 8

காய்கள். பிளாக் பேர்லில் காம்பு விறைத்து வானம் பார்த்து நிற்கிறது, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு கறுப்பு உருண்டை. கிட்டே குனிந்தால் அதில் நானும், எனக்குப் பின்னால் ஆகாயமும், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பும் குட்டியாகத் தெரிகிறோம். அவ்வளவு பளபளப்பு. புல்லிவட்டம்கூடக் கறுப்புதான். காம்பு இலையோடு சேருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கிறது.

அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க ஊரு முண்டு கறுத்துப் போன மாதிரியில்ல இருக்கு." பிறகு பேசிக்கொண்டே போனாள். பரமக்குடிப் பக்கம் முண்டு மிளகாயைப் பறித்துக் களத்தில் காயப்போட்டால் ராத்திரி காவலுக்குப் படுப்பார்களாம். மழை இருட்டினால் ஊரே ஓடிவந்து சாக்கை இழுத்து மூடுமாம். கட்டிலை விட்டு எழ முடியாதவள், கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். "அப்பவே குடுத்திருக்கணும்" என்றாள்.

இன்றைக்கு ரெண்டு இட்லி.

ஏப்ரல் 13

பக்கத்து வீட்டு அக்கா கொடைக்கானல் போய்விட்டு வந்து, "உங்க அம்மாவுக்குப் பிடிக்குமேன்னு" ஒரு தொட்டி தந்தார்கள். ஆரஞ்சு உருண்டைகள், கொள்ளை அழகு. நர்சரியில் அலங்கார மிளகாய் என்று சொல்லி விற்றார்களாம். அது மிளகாயே இல்லை, ஜெருசலேம் செர்ரி. அதுவும் கத்திரிக் குடும்பம், ஆனால் காய் விஷம். அலங்கார மிளகாயைத் தெரியாமல் கடித்தால் வாய் எரிவதோடு போகும், இதைத் தின்றால் வாந்தி, வயிற்றுவலி. சந்தேகம் இருந்தால் காயை நறுக்கிப் பார்த்தால் போதும். மிளகாய் உள்ளே கூடாக இருக்கும், விதை நடுத் தண்டில் ஒட்டியிருக்கும். இது குட்டித் தக்காளி மாதிரி உள்ளே சதையும் சாறுமாக இருக்கும். அவர்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. உடனே போய்ச் சொன்னேன், அங்கே வைத்திருந்ததையும் எடுத்துவிட்டார்கள்.

நர்சரியில் வாங்குகிற நிஜ அலங்கார மிளகாயையும் அப்படியே பறித்துக் குழம்பில் போடக் கூடாது. பார்வைக்கென்று வளர்த்த செடி, என்னென்ன மருந்து அடித்தார்களோ.

ஏப்ரல் 19

மதுரை வேகிறது. மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. பூவெல்லாம் உதிர்கிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, ராத்திரியும் புழுங்கினால் பிஞ்சு பிடிக்கவே பிடிக்காது. நிழல்வலை கட்டலாம். கட்டினால் கறுப்புப் போய்விடும். கட்டாவிட்டால் பூ போய்விடும்.

கட்டவில்லை. ஏற்கெனவே பிடித்த காய் போதும் இந்தக் கோடைக்கு. மண்ணின்மேல் கரும்புச் சோகையை மூடாக்காகப் போட்டு, தொட்டிகளைத் தேங்காய் மட்டைமேல் ஏற்றிவிட்டேன். தண்ணீர் விடியற்காலையில் ஒருமுறை, தேவைப்பட்டால் சாயங்காலம். மதியம் இலை தொங்குகிறதே என்று ஊற்றக் கூடாது, சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும். வேர் ஊறிக் கிடந்தால் அழுகிவிடும்.

ஏப்ரல் 25

தூக்கமில்லை. உள்ளங்கால் எரிகிறது என்கிறாள். எரிச்சலும் மரத்துப்போனதும் சேர்ந்து. ஊசியின் வேலை.

நரம்பு வலிக்கு மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினிலிருந்தே களிம்பு செய்கிறார்கள். முதலில் எரியும், தொடர்ந்து தடவினால் அந்த நரம்பு முனைகள் வலியைச் சொல்வதைக் குறைத்துக்கொள்ளும். டாக்டரிடம் கேட்டேன். இப்போது வேண்டாம், கை தவறி வாய்ப்புண்ணில் பட்டால் தாங்கமாட்டார்கள், முதலில் மாத்திரை பார்ப்போம் என்றார்.

விளக்கெண்ணெய் தடவி விடியும்வரை காலைப் பிடித்துவிட்டேன்.

மே 2

ரெயின்போ பேருக்கேற்ற வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரே கிளையில் ஊதா, வெளிர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. பழுக்கப் பழுக்க ஊதா நிறமி சிதைந்து, பச்சையமும் போய், மஞ்சளும் சிவப்பும் மேலே வருகின்றன. எந்தக் காய் எப்போது பிறந்தது என்று நிறத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுகிறாள்.

கொண்டைக்குருவி ஒன்று வந்து பழுத்ததை மட்டும் பறித்து விழுங்குகிறது. அம்மாவுக்கு ஆச்சரியம்: "அதுக்கு உறைக்காதா?" உறைக்காது. பறவைகளுக்குக் கேப்சைசின் காரமாகத் தெரிவதில்லை. 2001இல் அரிசோனாவில் காட்டு மிளகாயை வைத்துப் பார்த்தார்கள். எலிகள் சீண்டுவதில்லை. காரமில்லாத பழத்தைக் கொடுத்தால் தின்னும், ஆனால் விதையை மென்று நாசமாக்கிவிடும். பறவை வயிற்றைக் கடந்த விதை முளைக்கிறது. விரட்டட்டுமா என்று கேட்டேன். "விரட்டாதே, வரட்டும்."

மே 4

அக்னி நட்சத்திரம். 40. கவுன்ட் மறுபடி இறங்கிவிட்டது. பேச்சு குறைந்துவிட்டது.

மே 5

பலகையில் தொட்டிகள் இருந்தன. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

மே 9

பிளாக் பேர்ல் ஒன்று சிவந்துவிட்டது. நடுவில் கொஞ்ச நேரம் கறுஞ்சிவப்பாக இருந்து, பிறகு முழுச் சிவப்பு. அம்மா பார்த்துவிட்டு, விதை எடுத்து வை என்றாள். தானாக ஒன்று கேட்டிருக்கிறாள்!

கையுறை போட்டுக்கொண்டுதான் நறுக்கினேன். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சவ்வில்தான் இருக்கிறது. இருந்தாலும் விதையெல்லாம் அதில் உரசிக் கிடக்கிறதே. அவளைத் தொடுகிற கை இது. நிழலில் காகிதத்தின்மேல் பரப்பிக் காயவைத்திருக்கிறேன். ரெயின்போ பக்கத்திலேயே இருந்ததால் தேனீ எதையாவது கலந்துவிட்டிருக்கலாம். மிளகாய் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனாலும் உறுதியில்லை. அடுத்த முறை சுத்தமான விதை வேண்டுமென்றால் மொட்டிலேயே மெல்லிய வலைத்துணிப் பை கட்டிவிட வேண்டும்.

"ஆடியில போடுவியா?" என்றாள். போடுவேன் அம்மா.

மே 12

ஸ்கேன் முடிந்தது. காத்திருக்கச் சொன்னார்கள்.

மே 13

ரிப்போர்ட் இன்னும் இல்லை. ரெயின்போவுக்குப் பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மில்லி. வாடைக்காகத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம்.

மே 14

அண்ணன் ராத்திரி பஸ்ஸில் வருகிறான்.

மே 15

நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேரையும். அதற்குள் தொட்டிகளை மேற்கே மாற்றிவிட்டுக் குளிக்க வேண்டும். பிளாக் பேர்லிலும் கொழுந்து மேல்நோக்கி மடிகிறது. நீல அட்டை தீர்ந்துவிட்டது, வருகிற வழியில் இரண்டு வாங்க வேண்டும். அண்ணனிடம் சொல்லி வைக்கிறேன், எனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ.