மாஸ்க்கைக் கட்டும் முன் பத்து நிமிடம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நாள்பட்ட நுரையீரல் நோய் முற்றி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிய நிலையில் வருபவர்களுக்குத் தொண்டையில் குழாய் போடாமலே மாஸ்க் வழியாக மூச்சுக்குத் துணை கொடுக்கிறது பைபாப் கருவி. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் அடுத்தது பெரும்பாலும் குழாய்தான்.

அண்மையில் வந்த பாட்டி பீடி, சிகரெட் எதையும் தொட்டவரல்லர். ஆயுள் முழுக்க விறகடுப்புப் புகைதான். ரத்தத்தின் பி.எச். 7.26. ரத்தத்தில் அமிலம் கூடக் கூட இந்த எண் இறங்கும். 7.35க்குக் கீழே இறங்கினாலே நாங்கள் கவலைப்படுவோம். முன்பு எங்கோ மாஸ்க்கை இறுக்கிக் கட்டியதில் மூக்குத்தண்டு புண்ணாகி ஆறிய தழும்பு இருந்தது. மாஸ்க்கைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேண்டாம் கண்ணு, மூச்சை அடைக்கும்."

முதலில் அவர் உள்ளங்கையில் காற்றைப் பட வைத்தேன். அழுத்தம் குறைவுதான்: உள்ளிழுக்க 10, வெளிவிட 4 செ.மீ. நீர் அளவு. "பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று முகத்தில் அறையுமே, அப்படித்தான் இருக்கும் பாட்டி. எதிர்த்துப் போராடாதீர்கள், மெல்ல ஊதி விடுங்கள்" என்றேன். பட்டையைக் கட்டவில்லை. மாஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்து, அதன்மேல் என் கையை வைத்து முகத்தில் பொருத்தினேன். மூன்று நான்கு மூச்சுக்குள் எடுத்துவிட்டார். தடுக்கவில்லை. நினைத்தபோது எடுக்கலாம் என்று தெரிந்த பிறகு அவரே திரும்ப வைத்துக்கொண்டார். அவசரப்பட்டுக் கட்டினால் கிடைக்காத சம்மதம் அது.

பிறகுதான் பட்டை. பல்செட்டைக் கழற்றச் சொல்லவில்லை. கன்னம் ஒட்டிப்போனால் மாஸ்க் பொருந்தாது. மூக்குத்தண்டில் மெத்தென்ற பிளாஸ்டர் ஒட்டி, இரு பக்கப் பட்டைகளையும் சமமாக இழுத்து, விரல் நுழையும் அளவுக்கு விட்டேன். ஓரத்தில் சிறிது கசிந்தால் கருவி ஈடுகட்டிக்கொள்ளும், கண்ணில் மட்டும் அடிக்கக் கூடாது. வாந்தி வருவது போலிருந்தால் எந்தக் கொக்கியை இழுப்பது என்று காட்டி, அவரையே செய்து காட்டச் சொன்னேன். அழைப்பு மணியையும் கையருகே வைத்தேன்.

வெளியே மகன், "வெண்டிலேட்டர் போட்டுவிட்டீர்களா?" என்று அழுதார். அம்மா விழித்திருக்கிறார், தலையாட்டிப் பதில் சொல்கிறார் என்று உள்ளே அழைத்துக் காட்டினேன். மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் என்றிருந்ததைப் பார்த்து ஆக்சிஜனைக் கூட்டச் சொன்னார். பாட்டிக்கு 88 முதல் 92 போதும். அதற்கு மேல் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறக்கூடும். இதைப் பொறுமையாகச் சொல்லத்தான் வேண்டும், நூறு என்பதே நலம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். சற்று நேரத்தில் மகனே இரக்கப்பட்டு மாஸ்க்கைத் தூக்கித் தண்ணீர் ஊற்றப் போனார். திணறும் நேரத்தில் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று தடுத்தேன்.

அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் பி.எச். 7.31. அதன்பின் இடைவெளி விட்டு, நிமிர்ந்து உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தோம். குடித்து முடித்ததும் மாஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரவுப் பணியில் ஒரே செவிலியரிடம் பல படுக்கைகளை ஒப்படைத்தால் இந்தப் பத்து நிமிடம் கிடைக்காது. பணிப்பட்டியல் போடுபவர்கள் அதையும் சிகிச்சை நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் தொடர்ந்து கேட்டு வருகிறேன்.