ஃபோர்ஸ்-வித்-லீஸ் போட்டும் அடுத்தவர் கமிட் ஏன் அழிகிறது?

கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில், ரீபேஸ் செய்த (கமிட்டுகளை, அதாவது பதிந்த மாற்றங்களை, வேறொரு அடித்தளத்தின் மேல் மாற்றி அடுக்கிய) பிராஞ்சை வெறும் --ஃபோர்ஸ் போட்டு சர்வருக்கு அனுப்பாதே, --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடு என்று டீமுக்கு டீம் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதைப் போட்டும் சக ஊழியரின் கமிட் காணாமல் போவது உண்டு.

மதிப்பு எதுவும் தராமல் அதைப் போட்டால், சர்வரில் உள்ள பிராஞ்சின் நுனியை (கடைசிக் கமிட்டை) உங்கள் மெஷினில் உள்ள ரிமோட் டிராக்கிங் பிராஞ்சோடு, அதாவது சர்வர் பிராஞ்ச் கடைசியாக எங்கே இருந்தது என்ற குறிப்போடு, கிட் ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலெழுதிவிடும். சர்வரில் இருப்பதை உங்கள் வேலையில் சேர்த்தீர்களா என்று பார்க்காது.

லாகின் என்ற பிராஞ்சில் நீங்கள் ரீபேஸ் செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் ஒரு கமிட்டைப் புஷ் செய்கிறார், அதாவது சர்வருக்கு அனுப்புகிறார். இடையில் ஃபெட்ச் (சர்வரில் உள்ள புதியதை மெஷினுக்கு இறக்குவது) நடக்காவிட்டால் 'ஸ்டேல் இன்ஃபோ' (பழைய தகவல்) என்று உங்கள் புஷ் தடுக்கப்படும். ஃபெட்ச் நடந்திருந்தாலோ ஆரிஜின்/லாகின் என்ற டிராக்கிங் பிராஞ்ச் அந்தப் புதிய கமிட்டுக்கு நகர்ந்திருக்கும், ஒப்பீடு பொருந்தும், அவர் கமிட் பிராஞ்சிலிருந்து போய்விடும்.

அந்த ஃபெட்சை நீங்களே செய்திருக்க வேண்டும் என்பதில்லை. விஎஸ் கோடு எடிட்டரில் கிட்.ஆட்டோஃபெட்ச் ஆன் ஆகியிருந்தால், இயல்பாக 180 விநாடிக்கு ஒருமுறை அது பின்னணியில் ஓடும். கிட் மெயின்டனன்ஸ் செய்யும் ப்ரீஃபெட்ச் மட்டும் ரெஃப்ஸ்/ப்ரீஃபெட்ச் என்ற தனி இடத்தில் வைத்துக்கொள்வதால் தொல்லை தராது. இதையெல்லாம்விட அதிகம் கெடுப்பது கைப்பழக்கம்தான்: புஷ் தடுக்கப்பட்டதும் ஒரு ஃபெட்ச் அடித்து, என்ன வந்தது என்று பார்க்காமல் அதே புஷ்ஷை மறுபடி கொடுப்பது. இரண்டாவது முறை அது தாராளமாகப் போகும்.

2020 டிசம்பரில் வந்த கிட் 2.30-இல் --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் சேர்ந்தது. டிராக்கிங் பிராஞ்சின் நுனி உங்கள் லோக்கல் பிராஞ்சின் ரெஃப்லாக் (நுனி எங்கெல்லாம் நகர்ந்தது என்ற பதிவேடு) வழியே எப்போதாவது உள்ளே வந்ததா என்று அது பார்க்கும், வராவிட்டால் தடுக்கும். தனியாகப் போட்டால் பயனில்லை, லீஸோடு சேர்த்துத்தான் போட வேண்டும். கான்ஃபிகில் புஷ்.யூஸ்ஃபோர்ஸ்இஃப்இன்க்ளூட்ஸ் என்பதை ட்ரூ ஆக்கிவிடுங்கள், தினமும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: அவர் கமிட்டை உள்ளே எடுத்துவிட்டு இன்டராக்டிவ் ரீபேஸில் (கமிட்டுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து மாற்றும் ரீபேஸில்) நீங்களே ட்ராப் செய்தால் இதுவும் காப்பாற்றாது.

பலர் கைவைக்கும் பிராஞ்ச் என்றால் மதிப்பை நேரடியாகக் கொடுப்பதே என் தேர்வு. வேலையைத் தொடங்கும்போது, லோக்கல் பிராஞ்சும் ஆரிஜின்/லாகினும் ஒரே இடத்தில் இருக்கையில், கிட் ரெவ்-பார்ஸ் ஆரிஜின்/லாகின் தரும் ஹாஷை (கமிட்டின் அடையாள எண்ணை) குறித்துக்கொள்ளுங்கள். புஷ் செய்யும்போது --ஃபோர்ஸ்-வித்-லீஸ்=லாகின்: என்று எழுதி, இடைவெளி விடாமல் அந்த ஹாஷை ஒட்டுங்கள். பின்னணியில் எத்தனை ஃபெட்ச் ஓடினாலும் ஒப்பீடு அந்த ஹாஷோடுதான் நடக்கும்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? ஃபெட்ச் நடந்ததால்தான் லீஸ் ஏமாந்தது, ஆகவே அந்தக் கமிட் உங்கள் மெஷினிலேயே இருக்கிறது. கிட் ரெஃப்லாக் ஷோ ஆரிஜின்/லாகின் கொடுத்தால் புஷ் வரிக்குக் கீழே உள்ள வரியில் அதன் ஹாஷ் தெரியும்; செர்ரி-பிக் செய்து (அந்த ஒரு கமிட்டை மட்டும் உங்கள் பிராஞ்சில் எடுத்து) திரும்ப அனுப்பலாம். இப்படி எட்டாமல் போன கமிட்டுக்கான ரெஃப்லாக் பதிவை கிட் இயல்பாக 30 நாள்தான் வைத்திருக்கும்.