அம்மாவுக்கு ரெண்டு பேர், பென்ஷனுக்கு ஒண்ணு

அப்பா கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் சைடர், நூல் நூற்கும் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 1997-ல் 58 முடிந்து வெளியே வந்தார். 1971-ல் வந்த குடும்ப பென்ஷனில் தொழிலாளி செத்தால்தான் வீட்டுக்குப் பணம். உயிரோடு இருப்பவருக்கே மாதாமாதம் தரும் திட்டம் 1995 நவம்பர் 16-ல்தான் தொடங்கியது. முதலாளி பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் பி.எஃப்.-இல் சேராமல் பென்ஷனுக்குப் போகிறதென்று மில் கேட்டில் அப்போது ஒரே புகைச்சல். அப்பாவும் புகைந்தவர்தான். கடைசியில் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை விற்று, வந்த ரொக்கத்தில் ஓட்டு வீட்டைக் கான்கிரீட் போட்டுத் தார்சாக்கினார். விற்ற பங்கை 15 வருஷம் கழிந்தால் திருப்பித் தரலாமென்று 2020-ல்தான் ஆணை வந்தது. அதற்குள் தார்சு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

போன வருஷம் அப்பா தவறிப்போனார். பென்ஷனை அம்மாவுக்கு மாற்றக் கிளம்பினோம். இறப்புச் சான்று, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை, ஆதார், பாஸ்புக், பென்ஷன் கேட்கும் படிவம் 10-டி எல்லாம் கையில் இருந்தன. பேர்தான் இடித்தது. மில் ஏட்டில் அப்பா எழுதிக் கொடுத்தது அம்மாவை வீட்டில் கூப்பிடும் பேர். ஆதாரில் இருப்பது தாத்தா வைத்த பேர்.

"ஏனுங்கம்மா, இதுல இருக்கறது யாருங்க?" என்றார் ஆபீஸ் குமாஸ்தா.

அம்மா பி.பி.ஓ.வில் இருந்த ஜோடிப் போட்டோவைத் தொட்டுக் காட்டியது. "நாந்தானுங்க. அன்னைக்கு மூக்குத்தி போட்டிருந்தேன். அப்பறம் அடகுல முழுகிப் போச்சுங்க."

குமாஸ்தா போட்டோவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரியுதுங்க. ஆனா காயிதம் வேணுங்களே."

இரண்டு பேரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைப் பத்திரத்தில் நோட்டரி கையெழுத்து வாங்க ஒரு நடை, வி.ஏ.ஓ. சான்றுக்கு மூன்று நடை. உங்கள் வீட்டு பி.பி.ஓ.வை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அவர் இருக்கும்போதே திருத்துவது சுலபம். உயிர்ச்சான்றுக்கு அம்மாவின் ரேகை விழவேயில்லை. பேத்தி போனில் முகத்தைக் காட்டி முடித்தோம்.

புருஷன் பென்ஷனில் பாதிதான் விதவைக்கு. ஆனால் 2014 செப்டம்பர் முதல் 1,000-க்குக் குறையக் கூடாதென்று இருப்பதால் அம்மாவுக்கும் 1,000 ஏறியது.

"பாதின்னுதான சொன்னீங்க? தப்பா போட்டுட்டாங்களாட்ட இருக்குது கண்ணு. கேட்டா திருப்பிக் குடுக்கோணுமல்லோ" என்று ரெண்டு மாசம் அம்மா அந்தப் பணத்தை எடுக்கவேயில்லை.