ஏ.பி. வரலாறு: 3 வாங்கிய வருடமும் 5 வாங்கிய வருடமும்

போன வாரம் ரிசல்ட் வந்தது. ஏ.பி. (பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி அளவிலான அமெரிக்கத் தேர்வு, உச்ச மதிப்பெண் 5) யு.எஸ். ஹிஸ்டரியில் 5. அம்மாவிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. போன வருடம் வேர்ல்ட் ஹிஸ்டரியில் வாங்கிய 3 அந்த அளவுக்கு உள்ளே கிடந்து உறுத்தியிருக்கிறது. இத்தனைக்கும் அதற்குத்தான் அதிகம் படித்தேன்.

பாட அளவு வேறு, காலம் வேறு. டிபிக்யூ, அதாவது கொடுத்த ஏழு ஆவணங்களை வைத்துக் கட்டுரை எழுதும் கேள்வி, வேர்ல்டில் 1450–2001க்குள் வரும், யு.எஸ்.ஸில் 1754–1980க்குள் வரும். ஆனால் கட்டுரைக்கு மார்க் போடும் விதி இரண்டிலும் ஒன்றே. என்னைக் கவிழ்த்ததும் தூக்கிவிட்டதும் அந்த டிபிக்யூதான்.

ஏழாம் வகுப்பு வரை சென்னையில் படித்தவன் நான். 'காரணங்களை விவரி' என்றால் பாயின்ட் பாயின்டாக எழுதி அடிக்கோடு போட்டுப் பழக்கம். போன வருடம் அதே கையோடு ஏழு ஆவணங்களுக்கும் தலைக்கொரு பத்தி எழுதினேன்: முதல் ஆவணம் இப்படிச் சொல்கிறது, இரண்டாவது இப்படிச் சொல்கிறது. இந்த வருடம் ஒரு பயிற்சிக் கட்டுரையின் ஓரத்தில் டீச்சர் எழுதினார்: "இது சுருக்கம். உன் வாதம் எங்கே?"

ஒரு உதாரணம். அமெரிக்காவின் லோவல் என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துணி ஆலை முதலாளி ஒருவர், எங்கள் ஆலைப் பெண்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எழுதியதாக ஓர் ஆவணம் வருகிறது என்று வையுங்கள். அதைத் திருப்பிச் சொன்னால் வாதம் ஓர் அங்குலம்கூட நகராது. கிராமத்துப் பெற்றோர் மகளை வேலைக்கு அனுப்பத் தயங்கக் கூடாது என்பது அவர் கவலை, அதனால் அப்படி எழுதுகிறார் என்று வாதத்தோடு கோத்தால் அது சோர்ஸிங், அதாவது ஆவணத்தை யார், எதற்காக எழுதினார் என்று பார்ப்பது. கூலியைக் குறைத்ததற்காக 1834லும், விடுதிக் கட்டணத்தை ஏற்றியதற்காக 1836லும் அதே ஊர்ப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று காட்டினால், ஆவணத்துக்கு வெளியே இருந்து வரும் சான்றுக்கும் ஒரு மார்க்.

நான் செய்தது:

- ஒவ்வொரு ஆவணத்துக்கும் 'இவர் ஏன் இதைச் சொல்கிறார்?' என்று ஒரே வரி. தினம் இரண்டு ஆவணம், மூன்று மாதம்.
- வாதத்துக்கு நான்கு ஆவணம், சோர்ஸிங்குக்கு இரண்டு போதும். நான் ஐந்தும் மூன்றும் வைத்தேன், ஒன்று தவறினாலும் மார்க் போகாது.
- தீசிஸை (உங்கள் மைய வாதத்தை) முதல் பத்தியிலேயே முடித்துவிடுங்கள்.
- 60 நிமிடம் ஆனதும் டிபிக்யூவை விட்டு எழுந்துவிடுங்கள். இரண்டு கட்டுரைக்கும் சேர்த்துத்தான் 100 நிமிடம். போன வருடம் 75 நிமிடத்தை இதிலேயே கொட்டினேன், ஆவணம் இல்லாமல் எழுதும் மற்றக் கட்டுரையான எல்இக்யூ பாதியில் நின்றது.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகள் இந்த வருடம் ஐ.பி. (பல நாடுகளில் நடக்கும் இன்னொரு பள்ளிப் பாடத்திட்டம்) வரலாற்றில் ஹையர் லெவல், அதாவது உயர்நிலைத் தேர்வு, எழுதினாள். அவளுக்கு மூன்றாம் தாளில் மட்டும் இரண்டரை மணி நேரத்தில் மூன்று கட்டுரை. ஆவணக் கேள்வி முதல் தாளோடு முடிந்துவிடும். மற்ற இரண்டு தாளிலும் கையில் எதுவும் தரமாட்டார்கள், தகவல் முழுக்கத் தலையிலிருந்து வர வேண்டும். வரலாற்றாசிரியர்கள் எங்கே முரண்படுகிறார்கள் என்பதையும் எடைபோட வேண்டும். ஒரே தலைப்பை ஆழமாகத் தோண்டப் பிடித்தவர்களுக்கு அது நல்ல இடம். எனக்கு ஆவணம் கையில் இருந்தால்தான் யோசனை ஓடும். பதினொன்றாம் வகுப்பில் ஏ.பி.யா ஐ.பி.யா, எதை எடுப்பது என்று குழம்புகிறவர்கள் இரண்டிலும் ஒரு பழைய கேள்வியை எடுத்து, நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். எந்தக் கட்டுரையில் கை நிற்காமல் ஓடுகிறதோ அதை எடுங்கள்.