சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் உடல்களை அடையாளம் கண்ட விதம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் தாய்லாந்தில் இறந்தவர்கள் சுமார் 5,400 பேர். பாதிக்கு நெருக்கமானோர் வெளிநாட்டினர். காவோ லாக் கடற்கரையில் கிடைத்த உடல்கள் தகுவா பா ஊரின் வாட் யான் யாவ் கோயிலில் குவிந்தன. அந்த வெயிலில் இரண்டு நாளுக்குள் முகம் உப்பிக் கறுத்துவிடும். "இவர்தான்" என்று உறவினர் சொன்னதை மட்டும் நம்பி உடலைக் கொடுத்தால் கேடு இரண்டு குடும்பத்துக்கு: ஒருவர் வேறு யாரையோ எரித்திருப்பார், இன்னொருவருக்குத் தேட உடலே இருக்காது.

அடையாளம் காணும்வரை உடல் அழுகாமல் இருக்க டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) உதவும். அதை உடல்மேல் நேரடியாக வைத்தால் தோல் கெடும். சுமார் 20 உடல்களைக் கிடத்தி, சுற்றிலும் டிரை ஐஸை அரை மீட்டர் உயரத்துக்கு அடுக்கி, தார்ப்பாய் மூட வேண்டும். உடலுக்கு நாளொன்றுக்கு 10 கிலோ பிடிக்கும். அது வாயுவாக மாறுவதால், அடைத்த அறையில் செய்தால் வேலை பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். 2 முதல் 4 டிகிரியில் ஓடும் குளிர்பதனக் கன்டெய்னர் கிடைத்தால் இந்தப் பாடே இல்லை.

சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போலின் முறையில் உடலில் கண்டது இளஞ்சிவப்புப் படிவத்தில், குடும்பத்திடம் கேட்டது மஞ்சள் படிவத்தில். கைரேகை, பல், டி.என்.ஏ. மூன்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். மோதிரமும் பச்சை குத்தியதும் துணைக்குத்தான். இழுபறி பெரும்பாலும் மஞ்சள் பக்கம், அதாவது குடும்பத்திடமிருந்து விவரம் பெறுவதில்தான்.

ஊறிய கையின் தோல் உறைபோலக் கழன்று வரும். அதை எறியக் கூடாது. சுத்தம் செய்து, ரேகை எடுப்பவர் கையுறை போட்ட தன் விரலிலேயே மாட்டிக்கொண்டு மையில் உருட்டினால் ரேகை விழும். தோல் தொலைந்திருந்தால் கையைக் கொதிநீரில் சில வினாடி முக்க, உள்தோலின் வரிகள் மேலெழும். தாய்லாந்துக்காரர்களின் ரேகை அடையாள அட்டைப் பதிவில் இருந்ததால் அவர்களுக்கு இது கைகொடுத்தது.

வெளிநாட்டினருக்குப் பல்தான். மருத்துவர் தட்டச்சு செய்த சுருக்கம் போதாது, அசல் எக்ஸ்ரே வேண்டும். பிலிமைத் திருப்பி வைத்தால் இடது வலதாகிவிடும், பொருந்த வேண்டியவர் நழுவிவிடுவார். பதிவில் இல்லாத பல் அடைப்பு (ஃபில்லிங்) உடலில் இருந்தால் கவலையில்லை, பிறகு அடைத்திருக்கலாம். பிடுங்கியதாக எழுதிய பல் வாயிலேயே இருந்தால் ஆள் வேறு, அல்லது பதிவு தப்பு. அடைப்பே இல்லாத குழந்தைகளுக்கு இந்த வழி அநேகமாக மூடியதுதான்.

டி.என்.ஏ.வுக்குப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரி நல்லது. உடன்பிறந்தவர் ஒருவர் மட்டும் என்றால் முடிவு வலுவாக வராது. குடும்பமே போயிருந்தால் வீட்டுப் பல்துலக்கி. அதையும் வேறொருவர் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் தூரத்து உறவினர் மாதிரியோடு ஒத்துப் பார்த்த பிறகே படிவத்தில் ஏற்ற வேண்டும்.